அன்புவழிபுரத்தின் ஈரூடகவாழி

கோணாமலையின் வளவுக் கிணற்றுக்குள் மான் விழுந்தபோது, அதை வெளியே எடுக்கத் தேவையான எல்லாமே கிணற்றடியில் இருந்தன. கயிறு இருந்தது, இழுக்க ஆட்கள் இருந்தார்கள், ஏறிவர மானுக்கும் விருப்பம் இருந்தது. குறுக்கே நின்றது ஒன்றே ஒன்றுதான். கோணாமலை சட்டத்தை மதிக்கிற மனுசன்.

திருகோணமலையில் மான் ஒரு அதிசயம் இல்லை. கோட்டை வாசலில் படுத்திருக்கும், கடற்கரையில் ஐஸ்கிரீம் வண்டியைச் சுற்றி நிற்கும், பஸ் நிலையத்தில் ஆட்களோடு ஆளாக நின்று சோற்றுப் பார்சலைப் பறித்துக்கொண்டு போகும். பேப்பர், மட்டைப்பெட்டி, தேர்தல் சுவரொட்டி எல்லாம் தின்னும். சுவரொட்டியில் பசை இருப்பதால் அதில் ஒரு தனிப் பிரியம். எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை. அன்புவழிபுரம் பக்கம் முன்பு வருவது குறைவு. இந்த வருசம் ஒரு பெட்டைமான் குட்டியோடு காலையில் வரத் தொடங்கியது. கோணாமலையின் மனைவி சோபனா குசினி வாசலில் கொட்டுகிற மரக்கறித் தோலுக்காக வந்தது. பிறகு சோபனா வேண்டுமென்றே தோலைத் தடிப்பாகச் சீவ ஆரம்பித்தாள்.

கிணற்றுக்கட்டு வெடித்துப் போயிருந்ததால் புதிதாகக் கட்டுவதற்கு அதை இடித்தாயிற்று. இடித்த மேசன் வேறொரு வீட்டு வேலைக்குப் போனவர்தான், ஆளைக் காணவில்லை. கோணாமலை நாலு கம்பு நட்டு ஒரு பழைய வலையைச் சுற்றிக் கட்டியிருந்தார். அன்று விடிய எழும்பிப் பார்த்தால் வலை கிணற்றுக்குள் கிடக்கிறது. பக்கத்தில் பெட்டைமான் நெஞ்சளவு தண்ணீரில் நின்று அண்ணாந்து பார்க்கிறது. மேலே குட்டி, கிணற்றைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கத்துகிறது. சோபனா பார்த்த உடனேயே அழுதுவிட்டாள்.

கோணாமலை துறைமுக வீதியில் ஓட்டோ ஓடுகிறவர். அதே தரிப்பிடத்தில் ஓடுகிற அன்ஸார், முன்பு மூதூரில் தோணி வைத்திருந்தவன். செய்தி கேட்டதும் தோணிக் கயிற்றோடு வந்துவிட்டான். வந்த சூட்டிலேயே சாரத்தை மடித்துக் கட்டினான்.

"நான் இறங்குறன். வயித்துக்கு அடியால ரெண்டு சுத்துப் போட்டுத் தாறன். நீங்க மேல நிண்டு இழுங்க. தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"பொறு அன்ஸார்," என்றார் கோணாமலை. "இது பாதுகாக்கப்பட்ட மிருகம். கை வைக்கிறது குற்றம்."

"அது சாகப் போகுது மச்சான்."

"அதுக்குத்தான் நம்பர் இருக்குதே."

நம்பர் அவருடைய ஓட்டோவின் பின்பக்கத்திலேயே இருந்தது. மாவட்ட உயிரின வகைப்படுத்தல், வாழிட மற்றும் காப்பு அதிகாரசபை நகரத்து ஓட்டோக்கள் எல்லாவற்றிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "தொடாதீர்கள்! அழையுங்கள்!" என்று போட்டு, சிரிக்கிற யானை ஒன்றையும் கீறியிருந்தார்கள். அதிகாரசபையின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற ஆளைத்தான் அங்கே வேலைக்கு எடுப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. அது பொய். ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்கள் அங்கே ஒருவர்கூட இல்லை.

கோணாமலை அழைத்தார். ஒரு குரல் மான் எங்கே நிற்கிறது என்று கேட்டது. கிணற்றுக்குள் என்றார். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டது. இருக்கிறது என்றார்.

"அப்ப அது முலையூட்டிப் பிரிவுக்கு வராது," என்றது குரல், பெரிய பாரம் இறங்கினமாதிரி. "லைன்ல நில்லுங்கோ. ஈரூடகவாழிப் பிரிவுக்குப் போடுறன்."

ஈரூடகவாழி என்றால் தண்ணீரிலும் தரையிலுமாக வாழ்கிற தவளை, தேரை வகையறா என்று கோணாமலை பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். தான் சரியாகச் சொல்லவில்லையாக்கும் என்று நினைத்து, "மான், புள்ளிமான்," என்று திரும்பவும் சொன்னார். அதற்குள் லைன் மாறிப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

வெயில் ஏறும்போது இரண்டு ஜீப் வந்தது. முதலாவதில் முலையூட்டிப் பிரிவின் பொறுப்பதிகாரி பிரகலாதன். அவருடைய ஜீப்பில் மண்ணும் கீறலும் இருந்தன. அவருடைய முகத்தில் வேலை செய்து களைத்த மனிதனின் சாயல் இருந்தது. சாயல்தான். இரண்டாவது ஜீப் ஷோரூமில் நின்றமாதிரி மினுங்கியது. அதிலிருந்து இறங்கினார் ஈரூடகவாழிப் பிரிவின் பொறுப்பதிகாரி ஜெயரூபி. அவருடைய பிரிவுக்கு வருசக்கணக்காக ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. தவளை மதிலால் பாய்ந்து மரவள்ளியைத் தின்றது என்று யாரும் அழைப்பதில்லை. வேலை இல்லாத பிரிவுக்கு ஜீப் எதற்கு என்று தலைமையகத்தில் ஒரு கேள்வி எழும்பியிருந்த நேரம். கோணாமலையின் அழைப்பு ஜெயரூபியின் வயிற்றில் பால் வார்த்தது.

இருவரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். மானும் அவர்களைப் பார்த்தது.

"வடிவா இருக்குது," என்றார் ஜெயரூபி. "இவ்வளவு பெரிய ஈரூடகவாழியை நான் கண்டதே இல்லை."

கோணாமலைக்குச் சிரிப்பதா விடுவதா என்று தெரியவில்லை. பிரகலாதனைப் பார்த்தார். பிரகலாதன் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு விளங்கேல்லைப்போல," என்றார் பிரகலாதன் தயவாக. "எங்கட நடைமுறை லேசு. முறைப்பாடு கிடைக்கிற நேரம் உயிரினம் எங்க நிக்குதோ அதுதான் அதின்ர வாழிடம். வாழிடம் என்னவோ அதுதான் வகை. முந்தி இதுக்கெல்லாம் எலும்பு, பல்லு, உரோமம் எண்டு பார்த்துப் பார்த்து ஒரு வேலையும் ஓடுறதில்லை. இப்ப எல்லாம் கெதியா முடியுது."

"ஆனா இது மான் சேர்."

"நான் மான் இல்லை எண்டு சொன்னனானோ? இது ஈரூடக மான்."

கிணற்றடியில் ஒரு மேசை போடச் சொன்னார்கள். சோபனா குசினி மேசையைக் கொடுத்தாள், கதிரைகளையும் கொடுத்தாள், பிளேன்டீயும் கொடுத்தாள். மேசையில் ஜெயரூபி ஒரு விளக்கப்படத்தை விரித்தார். ஒருபக்கம் ஈரூடகவாழி, மறுபக்கம் முலையூட்டி; வகைப்பாடு, வாழிடம், காப்பு என்று மூன்று தலைப்பு. எந்த உயிரினமும் இந்த ஒப்பீட்டைக் கடந்தபிறகுதான் காப்பாற்றப்படலாம். கோணாமலை சாட்சியாக நிறுத்தப்பட்டார்.

"தோல் ஈரமோ?" என்று கேட்டார் ஜெயரூபி.

"கிணத்துக்குள்ள நிக்குது மிஸ். ஈரமாத்தான் இருக்கும்."

"ஈரம்," என்று உதவியாளருக்குச் சொன்னார். "இது முட்டை இட்டதை நீங்கள் எப்பவாவது கண்டனீங்களோ?"

"இல்லை மிஸ்."

"காணேல்லை எண்டதுக்காக இடேல்லை எண்டு சொல்ல ஏலாது. அதைத் திறந்தபடி விடுவம். பாய்ந்து பாய்ந்து போகுமோ?"

மான் பாய்ந்து பாய்ந்துதான் போகும். பொய் சொல்ல அவருக்குப் பழக்கமில்லை. "ஓம், பாயும்," என்றார். ஜெயரூபியின் முகம் மலர்ந்தது.

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற சோபனாவால் பொறுக்க முடியவில்லை. குட்டியைக் காட்டினாள். "மிஸ், அந்தா அது இதின்ர குட்டி. இதிட்டத்தான் பால் குடிக்கிறது. பால் குடுக்கிறது முலையூட்டிதானே?"

"அந்தக் குட்டி கிணத்துக்குள்ளயோ நிக்குது?"

"இல்லை."

"அப்ப அது வேற முறைப்பாடு. வேற ஆள் பார்க்கவேணும்."

பிரகலாதன் பிஸ்கட் ஒன்றைத் தேத்தண்ணீரில் தோய்த்தபடி தலையாட்டினார். ஒரு மிருகம் தன் கையைவிட்டுப் போவது அவருக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. அந்த மகிழ்ச்சி தவளை தெரியும்வரைதான் நீடித்தது.

தவளையை முதலில் கண்டது அன்ஸார். கிணற்றுச் சுவரில் ஒரு வெடிப்புக்குள் இருந்து அது தண்ணீருக்குள் குதித்து, மானைச் சுற்றி நீந்தியது. அந்தத் தவளை அங்கே எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கோணாமலைக்கே தெரியாது. கிணறு இறைக்கும்போதெல்லாம் வாளியில் எடுத்துவைத்துவிட்டு, இறைத்து முடிந்ததும் திரும்ப உள்ளே விடுவார்கள். தவளை நிற்கிற தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை.

"இரண்டு!" என்றார் ஜெயரூபி. ஒரே நாளில் இரண்டு உயிரினம். அவருடைய குரல் தழுதழுத்தது.

பிரகலாதனின் பிஸ்கட் தேத்தண்ணீருக்குள் விழுந்தது. ஒரு கிணற்றில் இரண்டும் ஈரூடகவாழிப் பிரிவுக்கே போனால், நாளைக்குத் தலைமையகம் ஜீப் கேள்வியை அவரிடம் கேட்கும். இத்தனை நாளும் மிருகங்களைத் தட்டிக்கழிக்கத் தெரிந்த மனிதர், முதல் தடவையாக ஒரு மிருகத்துக்காக உரிமை கோரினார். "ரெண்டையும் நீங்கள் எடுக்க ஏலாது மிஸ். அது அநியாயம்."

பிணக்குத் தீரவில்லை. அதிகாரசபையின் தலைவரான பணிப்பாளரை அழைத்தார்கள். அவர் வந்து சேர மத்தியானமாயிற்று. மான் அதுவரை தண்ணீருக்குள் நின்றது. ஒருதரம் அதன் முன்னங்கால் மடிந்து முகம் முழுவதும் அமிழ்ந்து திரும்ப வெளியே வந்தது. அன்ஸார் கயிற்றைக் கையில் எடுத்தான். இரண்டு உதவியாளர்கள் அவனுக்குக் குறுக்கே வந்து நின்றார்கள். ஒப்பீடு முடியாத உயிரினத்தைத் தொடுவது ஒப்பீட்டைக் கெடுக்கும் என்று அவனுக்கு அறிவுறுத்தப்பட்டது. அவன் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

பணிப்பாளர் வெள்ளைச் சேர்ட்டோடு இறங்கினார். ஒரு உதவியாளர் குடை பிடித்தார், இன்னொருவர் கைத்தொலைபேசியில் படமெடுத்தார். பணிப்பாளர் கிணற்றுக்குக் கிட்டப் போகவில்லை. தூரத்தில் நின்றே பேசத் தொடங்கினார்.

"அன்பான அன்புவழிபுரம் மக்களே! முப்பது வருச சேவையில நான் ஒரு மிருகத்தையும் கிட்ட நிண்டு பார்த்ததில்லை. அதை நான் பெருமையாச் சொல்லுவன். கிட்டப் போனால் பாசம் வந்திடும். பாசம் வந்தால் நடுநிலை போயிடும். தவளை தண்ணிக்குரியது, மான் தரைக்குரியது எண்டு பிரிச்சு வைச்சது ஆர்? வெள்ளைக்காரன். அந்த மனநிலையில இருந்து எங்கட அதிகாரசபை வெளிய வந்திட்டுது. எங்களுக்கு எல்லா உயிரினமும் சமம். சமம் எண்டால் என்ன? பிரிவுக்கு ஒண்டு."

கைதட்டல் எழுந்தது, தட்டியவர்கள் உதவியாளர்கள். அங்கேயே தீர்ப்பு வழங்கப்பட்டது. மான் ஏற்கனவே ஈரூடகவாழியாக ஒப்பிடப்பட்டு முடியும் தறுவாயில் இருந்ததால், அதைத் திரும்ப மாற்றுவது நிருவாகச் சிக்கல். ஆகவே மான் ஜெயரூபிக்கு. மிச்சமிருந்த தவளை பிரகலாதனுக்கு. அதாவது தவளை முலையூட்டி.

கோணாமலை மெல்லக் கையை உயர்த்தினார். "சேர், அப்ப இப்ப என்ன செய்யப் போறீங்கள்?"

பணிப்பாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "இது கூடவோ விளங்கேல்லை? ஒரு முலையூட்டி தண்ணிக்குள்ள விழுந்து கிடக்குது. காப்பாத்தவேணும்."

கோணாமலையின் நெஞ்சு ஒருகணம் குளிர்ந்தது. அதற்குள் அவர்கள் தவளையைக் காப்பாற்றத் தொடங்கிவிட்டார்கள்.

முலையூட்டிப் பிரிவின் முழு ஆயுதமும் இறக்கப்பட்டது. ஒருவர் லைஃப் ஜாக்கெட் போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, ஏணியால் கிணற்றுக்குள் இறங்கினார். அவர் காலடியில், கை எட்டுகிற தூரத்தில், மான் நின்றது. அதன் முதுகில் அவர் ஒரு காலை ஊன்றி, மிதவை வளையத்தைத் தவளையின் பக்கமாக எறிந்தார். தவளை அதில் ஏறவில்லை. அது அதிர்ச்சியில் இருக்கிறது என்று மேலே நின்ற பிரகலாதன் விளக்கம் சொன்னார். பிறகு வலைத்துண்டால் வளைத்துப் பிடித்தார்கள். தவளை மேலே வந்ததும் அதைத் துவாயால் துடைத்து உலர்த்தினார்கள். வைக்கோல் போட்ட பெட்டியில் வைத்து, ஒரு பால்போத்தலை அதன் வாயருகே பிடித்தார்கள்.

"பயத்தில குடிக்குதில்லை," என்றார் பிரகலாதன் கவலையோடு.

அந்த நேரத்தில்தான் மான்குட்டி பால் மணத்துக்கு வந்தது. விடிந்ததிலிருந்து அது எதுவும் குடிக்கவில்லை. பெட்டிக்குள் தலையை நீட்டி, போத்தலின் முலையைப் பற்றப் பார்த்தது. உதவியாளர் "சூ! சூ!" என்று அதைத் தடியால் விரட்டினார். அது கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, திரும்பவும் வந்தது. திரும்பவும் விரட்டினார். "உனக்கில்லை. இது முலையூட்டிக்கு," என்றார் நெஞ்சார. சோபனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

தவளை காப்பாற்றப்பட்ட காட்சியைப் பணிப்பாளரோடு சேர்த்துப் படமெடுத்து முடிய, எல்லாரும் கதிரைகளில் சாய்ந்தார்கள். கிணற்றுக்குள் மான் இப்போது நிற்கவில்லை. சுவரில் சாய்ந்து, மூக்கு மட்டும் வெளியே தெரியக் கிடந்தது. தன் வாயால், தன் தொலைபேசியால், தன் வீட்டுக்குத் தானே இந்தக் கூட்டத்தை வரவழைத்தேனே என்று கோணாமலைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் சட்டத்தோடு சண்டை பிடிக்க அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது கேட்பதுதான். விளங்காததைத்தான் கேட்டார்.

"மிஸ், ஒரு சின்னச் சந்தேகம். ஈரூடகவாழி எண்டால் தண்ணியிலயும் வாழும், தரையிலயும் வாழும், அப்பிடித்தானே?"

"ஓம்."

"நீங்கள் தண்ணியில மட்டும்தானே பார்த்தனீங்கள்? தரையில வாழுமோ எண்டு பார்க்கேல்லையே. இனி ஆராவது கேட்டால்? தண்ணியில மட்டும் வாழுறதெண்டால் மீன்தானே மிஸ்?"

ஜெயரூபியின் முகம் வெளிறியது. கோணாமலைக்குத் தெரியாத ஒரு விசயம் அவருக்குத் தெரியும். அதிகாரசபையில் மீன்களுக்கென்று ஒரு பிரிவு இருந்தது. அதன் பொறுப்பதிகாரி மிகப் பொல்லாத ஆள். மான் மீனாகிவிட்டால் ஜீப்பும் அந்தப் பக்கம் போய்விடும்.

"உடனடியா நிலப் பரிசோதனை!" என்று எழும்பினார். "இறக்குங்கோ கயிறை! ஏத்துங்கோ மேல!"

ஈரூடகவாழிப் பிரிவின் ஜீப்பில் தவளை வலைகளும் கண்ணாடிப் போத்தல்களும்தான் இருந்தன. அன்ஸார் யாரிடமும் கேட்காமல் கிணற்றுக்குள் குதித்துவிட்டான். மானின் வயிற்றுக்கு அடியால் தோணிக் கயிற்றை இரண்டு சுற்றுப் போட்டு, அதன் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு, "இழுங்க மச்சான்! பைய, பைய!" என்று கத்தினான். கோணாமலையும் தெருப் பெடியள் சிலரும் இழுத்தார்கள். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் முடிந்தது. காலையில் அன்ஸார் சொன்ன அதே கணக்கு.

மான் மண்ணில் பொத்தென்று விழுந்து, கண்களை மூடிக் கிடந்தது. செத்துவிட்டது என்றுதான் கோணாமலை நினைத்தார். சோபனா ஓடிவந்து சாக்கால் அதன் விலாவைத் தேய்த்தாள், தேய்த்தாள், விடாமல் தேய்த்தாள். கன நேரத்துக்குப் பிறகு அது ஒரு பெருமூச்சு விட்டது. முன்னங்காலை ஊன்றி, விழுந்து, திரும்ப ஊன்றி எழும்பி நின்றது. குட்டி பாய்ந்து வந்து மடியில் முட்டி முட்டிப் பால் குடித்தது. கோணாமலை வாய்விட்டு அழுதார்.

ஜெயரூபி இரண்டடி தூரத்தில் நின்று அதையெல்லாம் உன்னிப்பாகப் பார்த்தார். குட்டி குடிக்கிற சத்தம்கூட அவருக்குக் கேட்டிருக்கும். பிறகு திருப்தியோடு உதவியாளர் பக்கம் திரும்பினார்.

"தரையிலயும் வாழுது. எழுதுங்கோ. ஈரூடகவாழி, உறுதி."

மானும் குட்டியும் மதில் உடைவால் நழுவிப் போயின. அதிகாரிகளும் போனார்கள். மேசையில் பிஸ்கட் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தவளையை விடுவிக்கிற வைபவம் அடுத்த நாள் நடந்தது. பிரகலாதனின் ஜீப் பணிப்பாளரை ஏற்றப் போனதால், தவளைப் பெட்டியை ஏற்றிவரக் கோணாமலையின் ஓட்டோவைத்தான் பிடித்தார்கள். முலையூட்டியை முலையூட்டிகளின் வாழிடத்தில்தான் விடவேண்டும். ஆகவே கோட்டைப் பக்கம், மான்கள் மேய்கிற காய்ந்த புல்தரையில், உச்சி வெயிலில், பெனர் கட்டி, பணிப்பாளர் கையாலேயே பெட்டி திறக்கப்பட்டது. தவளை ஒருதரம் பாய்ந்தது. இரண்டாந்தரம் பாயுமுன் ஒரு காகம் வந்து அதைக் கொத்தித் தூக்கிக்கொண்டு பறந்தது.

பணிப்பாளர்தான் வைபவத்தைக் காப்பாற்றினார்.

"பார்த்தீங்களோ," என்றார் வானத்தைப் பார்த்தபடி. "எவ்வளவு கெதியாப் பழகிட்டுது. இனி இதைப் பறவைகள் பிரிவு பார்க்கும்."

கைதட்டினார்கள். கோணாமலை தட்டவில்லை. தன் கிணற்றுத் தண்ணீரை இத்தனை காலமும் காவல் காத்த ஒரு ஜீவனை வாடகைக்கு ஏற்றிவந்து காகத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்ற எண்ணம் அவரை வீடுவரை விடவில்லை. கூலி கேட்கவும் மறந்துவிட்டார். அவர்களுக்கும் ஞாபகம் வரவில்லை.

அவர் வீட்டுக்கு வந்தபோது கிணற்றடியில் ஒரு தகரப் பலகை நட்டிருந்தார்கள். இரட்டைக் கதவளவு பெரிய பலகை, நல்ல தடித்த தகரம், இரும்புச் சட்டம் போட்டு நாலு மூலையிலும் போல்ட் இறுக்கியது. அதிகாரசபையின் வரலாற்றில் உறுதியாகச் செய்யப்பட்ட ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கவேண்டும். "பாதுகாக்கப்பட்ட ஈரூடகவாழி வாழிடம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே சிரிக்கிற யானை.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. அன்ஸார் அப்போது கிணற்றடியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கோணாமலை உரத்து வாசித்தார். மேற்படி கிணற்றிலிருந்து பரிசோதனைக்காக நிலத்துக்கு மாற்றப்பட்ட ஈரூடகவாழியை அதன் வாழிடத்துக்கு உரிமையாளர் தாமதமின்றி மீளச் சேர்க்கவேண்டும். அது வந்துபோக வசதியாகக் கிணற்றின் வாய் எப்போதும் திறந்திருக்கவேண்டும். கட்டு எழுப்புவதோ மூடுவதோ தண்டனைக்குரிய குற்றம். அதிகாரிகள் வந்து பார்வையிடுவார்கள்.

அன்ஸார் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்ப அந்த மானைப் புடிச்சித் திரும்பக் கிணத்துக்குள்ள தள்ளணும் எண்டா சொல்றாங்க?"

"அப்பிடித்தான் போட்டிருக்கு."

"நீங்க என்ன செய்யப் போறீங்க? நம்பருக்கு அடிச்சிக் கேக்கப் போறீங்களா?"

கோணாமலை கடிதத்தையும் என்வலப்பையும் சட்டைப்பைக்குள் செருகினார். குசினி வாசலில் மானும் குட்டியும் நின்று மரவள்ளித் தோல் தின்றுகொண்டிருந்தன. குட்டி தின்றபடியே பின்பக்கமாக நடந்து, திறந்து கிடந்த கிணற்றுப் பக்கம் மெல்ல மெல்ல வந்தது. சோபனா "ஏய்! ஏய்!" என்று கத்தி அதைக் கலைத்தாள். அன்றைக்கு மட்டும் அது மூன்றாவது தடவை.

கோணாமலை எழும்பினார். ஓட்டோவுக்குப் போய் ஸ்பேனரை எடுத்துவந்தார். முதலில் ஓட்டோவின் பின்பக்க ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அது உரிய மறுத்தது. அதை விட்டுவிட்டு, பலகையின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அன்ஸார் ஒன்றும் கேட்காமல் மறுபக்கத்தைப் பிடித்தான். இருவருமாகப் பலகையைத் தூக்கிக் கிணற்றின் வாய்க்குக் குறுக்கே படுக்கப் போட்டார்கள். அளவெடுத்துச் செய்தமாதிரி இருந்தது. கோணாமலை மேலே ஏறி நின்று மிதித்துப் பார்த்தார். அசையவில்லை.

"சட்டம்?" என்று கேட்டான் அன்ஸார்.

"அவங்கட பலகை அவங்கட வாழிடத்திலதானே கிடக்குது," என்றார் கோணாமலை. "வந்து வாசிக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் குட்டி வந்து தகரத்தில் ஒரு காலை வைத்தது. டங் என்று சத்தம் கேட்டதும் துள்ளி ஓடியது. பிறகு திரும்பி வந்து நாலு காலாலும் ஏறி, யானையின் முகத்தில் நின்றது. தாயும் பின்னால் வந்து, கோணாமலை திரும்ப வாசிக்க வெளியே எடுத்த கடிதத்தை மோந்து பார்த்தது. அவர் கையை இழுக்கவில்லை. மான் மூலையைக் கடித்தது, இழுத்தது, முத்திரையோடு சேர்த்து முழுவதையும் ஆறுதலாக மென்று விழுங்கியது.

"என்வலப்பையும் குடுங்கோ," என்றாள் சோபனா குசினி வாசலிலிருந்து. "அதிலதான் பசை இருக்கு."

கோணாமலை என்வலப்பையும் கொடுத்தார்.